பத்தொன்பதாம் எலியின் அரை மணி

சூடாக இருந்தது. கூண்டிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு நாலே எட்டு, அதற்குள் சுயம்புக்கனியின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது, கையுறையையும் மீறித் தெரிந்துவிட்டது, இந்த எலி சூடு. தெரியக் கூடாது என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் சட்டம். இருபத்து நாலு வெள்ளைச் சுண்டெலி, அதில் பன்னிரண்டுக்கு மூன்று வாரமாகத் தைராய்டு மாத்திரையைக் கரைத்துப் புகட்டியாயிற்று, மீதிப் பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர், எல்லாம் பேராசிரியர் நம்பர் மட்டும் போட்டுத் தந்த ஒரே மாதிரிக் குப்பிகளில். இப்போது எல்லாவற்றுக்கும் வலிப்பு வரவழைக்கும் ஊசி. மாத்திரை குடித்த எலிக்கு வலிப்பு முந்தி வருகிறதா பிந்தி வருகிறதா, கேள்வி அவ்வளவுதான். எது எந்தக் கூட்டம் என்பது ஒட்டிய உறைக்குள் பேராசிரியரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, ஊசி போடுகிறவளுக்கும் தெரியாது, பார்க்கிறவளுக்கும் தெரியாது. ஆனால் மாத்திரை குடித்த எலியின் உடம்பு சுடும், கையிடம் போய் யார் சட்டம் பேசுவது. மெஹருன்னிசா டாக்டர் மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள், குளிர்ந்த மருந்து உள்ளே போனால் அந்தச் சின்ன வயிறு திடுக்கிடுமாம். வலிப்பு வரட்டும் என்றுதானே குத்துகிறோம், இதில் குளிரென்ன சூடென்ன என்று முதல் நாள் சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வந்தது, இப்போது வருவதில்லை, இந்தப் பிள்ளையைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று தோன்றுகிறது. வாயில் டாக்டர், மனசுக்குள் பிள்ளை, வயது இருபத்தெட்டுதான். உருட்டி முடித்தாள், உதட்டுக்குள் பிஸ்மில்லா சொன்னாள், பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி வயிற்றில் ஒரே குத்து, பெட்டிக்குள் விட்டாள். “போடுங்கக்கா.” சுயம்புக்கனி கடிகாரத்தை அமுக்கினாள். இனி அரை மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது.

எலி ஒரு மூலையை மோந்தது, அடுத்த மூலையை மோந்தது. வெளியே ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் கொட்டுகிறது, சன்னல் கதவு முழுக்க நீர் ஓடுகிறது, ஆனால் சன்னலைப் பார்க்கக் கூடாது. பார்க்காமலே தெரிகிறது, தெரிவது பார்த்ததாகாது. இந்த மருந்தியல் துறையில் பதினாறு வருடமாக டெக்னீசியன், சுயம்புக்கனி கண் என்றால் கண் என்று பேர், மூன்று பேருடைய ஆய்வேட்டில் நன்றிப் பக்கத்தில் அவள் பெயர் அச்சில் இருக்கிறது, அதில் ஒன்றில் கனி என்பதைக் கணி என்று போட்டுவிட்டார்கள், போகட்டும். பெட்டிக்கு மேலே கம்பியில் ஒரு செல்போன் மாட்டி எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள், எலி ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற கமிட்டியின் உத்தரவு, ஆனால் அதை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை, அக்கா பார்த்தாச்சுல்லா, அப்புறம் எதுக்குப் படம். முதல் துடிப்பு வந்ததும் சின்னப் பொத்தான், நேரம் பதிவாகும், கடிகாரம் நிற்காது. இந்தப் பார்வை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. மினிபஸ் ஓட்டுகிற தங்கதுரை சொல்லிக் கொடுத்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம், அடுப்படியில் அவள் விழுந்தாள், விழுந்தது அவளுக்குத் தெரியாது, எந்தத் தடவையும் தெரிந்ததில்லை. கண் திறந்தபோது வழக்கமாக என்ன இருக்கும், கையில் ஒரு இரும்புச் சாவிக்கொத்து திணித்திருக்கும், சுற்றிலும் இருபது முகம், வாயில் யாரோ விட்ட தண்ணீர், ஒரு மணி நேரம் கிடந்தா என்று ஒருத்தி, இல்லை ரெண்டு மணி நேரம் என்று இன்னொருத்தி. அன்றைக்குச் சாவி இல்லை. தலைக்குக் கீழே மடித்து வைத்த அவருடைய காக்கிச் சட்டை, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன், “ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு” என்றார். ஸ்டாண்டில் வண்டியை எடுக்க நேரம் பார்க்கிற பழக்கம், வாட்ச்சைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதானா என்று அவளுக்கு வந்த அழுகை இருக்கிறதே, எட்டு வயதிலிருந்து மலை மாதிரி கிடந்த ஒன்று, ரெண்டு நிமிஷம் பத்து செகண்டுதானா. பயப்படாமல் பார்க்கிறதுக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும். அந்த மனுஷன் அவளைப் பார்த்த மாதிரிதான் அவள் எலிகளைப் பார்க்கிறாள், வேறு வித்தை ஒன்றும் இல்லை.

எலி நின்றது. சூடான எலி, மாத்திரை குடித்த எலி, இதற்கு இப்போது வரும், முந்தி வரும், காதைப் பின்னால் மடக்குகிறது, இதோ தலையை ஒரு உலுப்பு. கட்டைவிரல் அமுக்கிவிட்டது. “எத்தனக்கா?” என்றாள் மெஹருன்னிசா, அவள் பார்வை நோட்டில். “நாலு பன்னெண்டு.” “சரிக்கா.” பேனா ஓடியது. இனி அடுக்கடுக்காக வர வேண்டும், தலை, தோள், முன்னங்கால், பிறகு உடம்பு முழுக்க உதறி ஒரு பக்கமாகச் சாய வேண்டும். எலி பின்னங்காலில் உட்கார்ந்தது. முன்னங்கை இரண்டையும் நக்கியது, நக்கிய கையால் மூக்கைத் துடைத்தது, மீசையைத் துடைத்தது, காதுக்குப் பின்னால் இருந்து முன்னால் இழுத்து இழுத்து முகம் கழுவியது. ஆபீசுக்குக் கிளம்புகிற மாதிரி கழுவியது. துடிக்கிற எலி முகம் கழுவாது. தலையில் ஏதோ ஊறியிருக்கிறது, உலுப்பியது, அவ்வளவுதான், ஈ உட்கார்ந்தால் மாடு உலுப்பாதா. அப்படியானால் அமுக்கியது யார். எலி அமுக்கவில்லை. கண் அமுக்கவில்லை, கண் இன்னும் பார்த்து முடிக்கவே இல்லை. கையிலிருந்து சூடு நேரே கட்டைவிரலுக்குப் போயிருக்கிறது, கண்ணைக் கேட்காமலே போயிருக்கிறது.

நேற்றும் அப்படித்தானா? நேற்று ஆறு எலி, ஆறும் சூடு, ஆறும் சீக்கிரம் விழுந்தன. விழுந்தது நிஜம், உதறிச் சாய்ந்ததை அவள் பார்த்தாள், ஆனால் முதல் துடிப்பு, அந்த நேரம்தானே ஏட்டில் ஏறுகிறது, அது எலியின் நேரமா விரலின் நேரமா. விரலா, எலியா. ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொள்ளத் தோன்றியது, கையை எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை. மழை வந்தாலும் வந்தது, எலும்புக்குள் குளிர்கிறது, இராத்திரி அவள் பாதம் பட்டால் தங்கதுரை, “என்ன தாயி, கிணத்துக்குள்ள இருந்து ஏறி வந்தியா?” என்கிறார். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. குரல் கட்டிக் கிடக்கிறது. மாடிப்படி ஏறினால் ஆறாவது படியில் யாரோ பிடித்து இழுக்கிறார்கள். அதற்குத்தானே பாளையங்கோட்டையில் ஒரு பொது டாக்டரிடம் போனது, இரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு குறைச்சல் என்றார், விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று போடச் சொன்னார். வேறு ஏதும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். ஏன் சொன்னாள்? நாக்குக்குப் பழக்கம், பிள்ளையாக இருந்தபோதே பழகியது, பள்ளிக்கூடத்தில் பிரேயர் நேரத்தில் விழுந்த அன்றிலிருந்து, பக்கத்தில் எவளும் உட்கார மாட்டேன் என்ற அந்த நாளிலிருந்து, இல்லை, ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. தினமும் இராத்திரி ஒரு வலிப்பு மாத்திரை, அதனால் பதினோரு வருடம் விழவில்லை, இந்த வேலைக்கு வந்த புதிதில் விழுந்ததும் வீட்டுக்குள்ளேதான், தங்கதுரைக்கு மட்டும் தெரியும், இங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தால் கண்ணாடிச் சாமான் பக்கம் விடுவார்களா, ஊசி மருந்து தொட விடுவார்களா. பதினோரு வருடம் சேர்த்து வைத்ததை ஒரு மாத்திரையில் கொண்டுபோய்க் கொட்டுவதா. பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், அந்த அட்டை ஒன்பது நாளாகப் பிரிக்காமல் கிடக்கிறது. யாரிடம் கேட்பது? கேட்டால் முதலில் வலிப்பு என்று சொல்ல வேண்டும். அதனால் எலியிடம் கேட்டாள். ஒரு வார்த்தை பேசாமல், எவரும் அறியாமல், ஒவ்வொரு எலியாக, சொல்லு, நான் போடலாமா, சொல்லு.

எட்டு நிமிடம். எலி கழுத்தைச் சொறிந்தது. திங்கட்கிழமை ஆறு எலியில் இரண்டு சூடு, அதுவும் லேசான சூடுதான். செவ்வாய் ஆறில் நாலு. நேற்று ஆறும். இரண்டும் நாலும் ஆறும் பன்னிரண்டு, மாத்திரை குடித்தவை மொத்தமே பன்னிரண்டு, நேற்று சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கூட்டிப் பார்த்தாள், கச்சிதமாக வந்ததே, கையே உறையைப் பிரித்துப் படித்துவிட்டதே. அந்தப் பன்னிரண்டும் முந்தி விழுந்தன, ஆகவே மாத்திரை வலிப்பைக் கூட்டி வருகிறது, ஆகவே போடக் கூடாது, தீர்ந்தது. அட்டையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்து இறங்கினாள். பன்னிரண்டு. பன்னிரண்டு. எலி சுவரோரமாக நடந்தது. பன்னிரண்டு நேற்றோடு முடிந்துவிட்டது. அப்படியானால் இன்று மிச்சம் இருக்கிற ஆறும் தண்ணீர் குடித்தவை. அப்படியானால் இது தண்ணீர் குடித்த எலி. அப்படியானால் இது ஏன் சுடுகிறது?

பதின்மூன்றாவது சூட்டு எலி என்று ஒன்று இருக்க முடியாது, அது இங்கே உட்கார்ந்து முகம் கழுவுகிறது. எங்கே தப்பு? கை பொய் சொல்கிறது. இன்று சொன்னால் நேற்றும் சொல்லியிருக்கும், திங்கட்கிழமையும் சொல்லியிருக்கும். பேசாமல் இருந்துவிடலாம். நாலு பன்னிரண்டு என்று எழுதியாயிற்று, படத்தை எவரும் பார்க்கப் போவதில்லை, பார்க்கிற ஒரே கண் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சொன்னால் அந்தப் பிள்ளையின் மூன்று வாரம், நாலு நாள், செத்த பதினெட்டு எலி, எல்லாவற்றின் மேலும் ஒரு சந்தேகம் விழும், புதிதாக எலி வாங்க விட மாட்டார்கள், கமிட்டி இருபத்து நாலு என்றால் இருபத்து நாலுதான். சுயம்புக்கனி கண் என்ற பேரும் போகும். செவ்வாய்க்கிழமை யாரோ வந்து ஒரு கணக்கைச் சந்தேகமாகக் கேட்டபோது மெஹருன்னிசா நோட்டை மூடிவிட்டு, “எங்க அக்கா பாத்தா பாத்ததுதான்” என்றாள், சும்மா சொல்லவில்லை, முகம் சிவக்கச் சொன்னாள். பெட்டிக்குள் எலி இரண்டு காலில் எழுந்து கண்ணாடியில் கை வைத்து நின்றது. இத்தனை மருந்து ஏறிய உடம்போடு, வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. மருந்து ஏறினாலும் சில எலி விழாது, எந்த ஊசிக்கும் பத்தில் ஒன்று அப்படி இருக்கும், ஏன் என்று பெரிய பெரிய ஆட்களுக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் இதையும் மயக்கம் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள், அது இதற்குத் தெரியாது, தெரிந்தாலும் இது முகம் கழுவும் என்று அவளுக்குத் தோன்றியது. என்ன சுத்தம், என்ன ஒழுங்கு. உனக்கு வராத வலிப்பை நான் உன் பேரில் எழுதிவிட்டேனே என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது, துடைக்க முடியாது, பெட்டியே கலங்கித் தெரிந்தது, கலங்கிய கண்ணால் பார்த்தால் அதுவும் தப்பு.

பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. “டாக்டர்,” என்றாள், பார்வையைத் திருப்பாமல். “அந்த நாலு பன்னெண்டை அடிச்சிருங்க.”

“எதுக்குக்கா?”

“அது வலிப்பு இல்ல. சும்மா தலைய உலுப்புச்சு. நான் அமுக்கிட்டேன்.”

“பரவால்லக்கா, கடிகாரம் ஓடிக்கிட்டுதான இருக்கு.”

“இது மட்டும் இல்ல. இதுக்கு முன்னால பாத்த பதினெட்டையும் அப்படியே நம்பிராதீங்க. எது மாத்திர குடிச்ச எலின்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சிக்கிட்டுதான் பாத்தேன்.”

பேனா நோட்டின் மேல் வைக்கப்படுகிற சின்னச் சத்தம் கேட்டது. “எப்படித் தெரியும்? கவரு சார் பீரோவுலல்லா இருக்கு.”

“கை சொல்லுது. மாத்திர குடிச்சது சூடா இருக்கும், போன தடவ ஒரு டாக்டர் பண்ணும்போதே பாத்துருக்கேன். நேத்து ஆறும் சுட்டுச்சு. இதுவும் சுடுது.”

“நேத்து ஆறுமா? அது எப்படிக்கா நடக்கும்? பிஸ்கட் டப்பாவுல நம்பர் சீட்டப் போட்டு உங்க முன்னாலதான குலுக்கி எடுக்கேன். ஆறும் ஒரே கூட்டமாவா வந்து விழும்?” நாற்காலி நகர்ந்தது. மெஹருன்னிசா எழுந்து பக்கத்தில் வந்தாள், அவளும் எலியைப் பார்த்தாள். “இந்த எலியத்தான நானும் பிடிச்சு ஊசி போட்டேன். எனக்குச் சுடலயே.” பிறகு சுயம்புக்கனியின் இடது மணிக்கட்டைக் கையுறை முடிகிற இடத்துக்கு மேலே பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை. “யா அல்லா. அக்கா, எலி சுடல. உங்க கை ஐஸா இருக்கு.”

ஐஸா. சுயம்புக்கனி எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலி சுடவில்லை. கை குளிர்ந்திருக்கிறது. திங்கட்கிழமையை விடச் செவ்வாய் குளிர், செவ்வாயை விட நேற்று, மழையும் பயமும் ஏற ஏறக் கை குளிர, கை குளிரக் குளிர எலியெல்லாம் சூடாகிக்கொண்டே வந்திருக்கிறது. பன்னிரண்டும் இல்லை, பதின்மூன்றும் இல்லை. நாலு நாளாக அவள் உள்ளங்கையில் தொட்டுப் பார்த்ததெல்லாம் தன்னையேதான். “இந்த முகம் ஊதிருக்கிறதும், ஸ்வெட்டரும், தொண்டையும்,” மெஹருன்னிசா மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், “மூணு வாரமா தைராய்டு தைராய்டுன்னு எலியத் தடவிக்கிட்டுக் கெடக்கேன், பக்கத்துல இருக்க ஆளப் பாக்கல பாருங்க. டெஸ்ட் எடுத்தீங்களா?”

“எடுத்தேன். குறைச்சல்னாங்க. மாத்திர பையில இருக்கு. ஒம்பது நாளா இருக்கு.”

“ஏன் போடல?”

எலி வாலைச் சுருட்டி உட்கார்ந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள், கண்ணை எடுக்கக் கூடாது என்ற சட்டம் கைகொடுத்தது. “எனக்கு வலிப்பு உண்டு, டாக்டர். எட்டு வயசுலருந்து. இப்ப பதினோரு வருஷமா வரல. இங்க யார்ட்டயும் சொன்னதில்ல. அந்த டாக்டர்ட்டயும் சொல்லல.” கூரையிலிருந்து மழைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம், எலி நகம் கண்ணாடியில் சுரண்டும் சத்தம். இப்போது கை விலகும் என்று காத்திருந்தாள், பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்களை அவளுக்குத் தெரியும். கை விலகவில்லை. இன்னொரு கையும் வந்தது. கையுறையைக் கழற்றி, அந்தக் குளிர்ந்த கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குப்பியை உருட்டுகிற மாதிரியே மெஹருன்னிசா தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

“எலிக்கு நாம குடுக்கது உடம்புல இருக்கிறதுக்கு மேல, மூணு நாலு பங்கு. உங்களுக்குக் குடுக்கது குறைஞ்சத நிரப்ப. ரெண்டும் ஒண்ணு இல்லக்கா, எலியப் பாத்து நீங்க முடிவு பண்ண முடியாது. நாமளும் முடிவு பண்ணக் கூடாது. இன்னைக்கு மத்தியானமே நரம்பு டாக்டர்ட்ட போவோம், ரெண்டு மாத்திரயயும் காட்டுவோம், எவ்வளவுல ஆரம்பிக்கணும்னு அவுங்க சொல்லட்டும். நான் லெட்டர் தாரேன், கூடவும் வாரேன்.”

“உங்க ஆராய்ச்சி, டாக்டர்?”

“படம் இருக்குல்லா. பதினெட்டையும் எலியத் தொடாத ஆள் யாராவது பாத்து நேரம் எழுதட்டும். உங்க நேரத்தையும் பக்கத்துலயே வைப்போம், என்ன நடந்துச்சுன்னு ஏட்டுலயே எழுதிருவோம். ஒளிக்கதுக்கு என்ன இருக்கு?” தேய்ப்பதை விடாமல், “சாரு ரெண்டு சத்தம் போடுவாரு, போட்டுட்டுப் போறாரு. இனிமே எலியத் தூக்கி வைக்கது நான். பாக்கது நீங்கதான்” என்றாள்.

இப்படி ஒரு பிள்ளையா. மூன்று வார உழைப்பு ஆட்டம் கண்டு நிற்கிறது, தேய்க்கிற கை நிற்கவில்லை, குரல் உயரவில்லை. அன்றைக்கு அடுப்படியில் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்த ஆளுக்கு இவள் என்ன உறவு, ஒரு உறவும் இல்லை, ஆனால் ஒரே ஜாதி, பயப்படாமல் பார்க்கிற ஜாதி. சுயம்புக்கனி எலியைப் பார்த்தாள். இருபத்து மூன்று. இருபத்தாறு. கையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது, தன்னுடைய சூடு இல்லை, இருந்தாலும் சூடு. இருபத்தெட்டில் எலி மறுபடி ஒரு தடவை முகம் கழுவியது. விரல் பொத்தானின் மேல் இருந்தது, அமுக்கவில்லை, முன்னால் ஓடவில்லை, எலிக்காகக் காத்திருந்தது.

“முப்பது,” என்றாள். “விழல.”

மெஹருன்னிசா நோட்டை எடுத்தாள். நாலு பன்னிரண்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், கீழே இருப்பது தெரிகிற மாதிரி, பக்கத்தில் கையெழுத்திட்டாள், ‘முப்பது நிமிடம், வலிப்பு இல்லை’ என்று எழுதினாள். சுயம்புக்கனி முதல் தடவையாகக் கண்ணைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்த வரியைப் பார்த்தாள். நடக்காமல் போனதையும் எழுதுகிறார்கள். நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரு வேலை செய்து முடித்த மாதிரி எழுதுகிறார்கள். அவள் விழுந்த கணக்கைப் பிறந்த ஊரே வாயால் எழுதி வைத்திருக்கிறது, விழாத கணக்கை யார் எழுதினார்கள். மெஹருன்னிசா அதற்குள் லெட்டருக்கு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, மேலே சுயம்புக்கனி, வயது நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டு, வலிப்பு நோய் என்று ஆரம்பித்தாள்.

“அப்படி ஆரம்பிக்காதீங்க, டாக்டர்,” என்றாள் சுயம்புக்கனி. அவள் குரல் கட்டியிருந்தாலும் தெளிவாக இருந்தது. “பதினோரு வருஷம், விழலன்னு முதல்ல எழுதுங்க.”

மெஹருன்னிசா அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தாள்.